மட்டக்குதிரை வாங்கிய விவரம்

அன்பு மகள் நோரீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி கேலனும் எலும்பு எதுவும் புதிதாக முறியாமல் இருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே முழுசாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்து நீ சிரிக்கமாட்டாய் என்று தெரியும், அம்மா மட்டக்குதிரையிலிருந்து விழுந்துவிட்டாள் என்று கேலன்தான் உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டானே. விழுந்தது உண்மைதான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், போன வருஷம் மாற்றி வைத்த இடுப்பு மூட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது, பின்பக்கம் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது, அதுவும் வடிந்துகொண்டு வருகிறது. நீ போன் செய்தபோதெல்லாம் நான் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் நீ நர்ஸ் குரலில் நடுவில் நடுவில் பேசுவாய், கடிதத்தில் யாரும் நடுவில் பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், உட்காருவதுதான் கொஞ்சம் கஷ்டம். விழுந்ததெல்லாம் பெரிதே இல்லை நோரீன். அதற்குப் பிறகு நான் கேட்ட சங்கதிகள்தான் என்னை ஒவ்வொன்றாகத் தூக்கிவாரிப் போட்டன, இன்னும் அந்தப் படபடப்பு அடங்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

கேலன் உனக்குச் சொல்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூட்டு மாற்றியதிலிருந்து இடது காலை என்னால் உயரத் தூக்க முடியவில்லை, நம் பெரிய குதிரைகளின் அங்கவடி என் வயிற்று உயரத்தில் தொங்குகிறது, வீட்டில் என்றால் முக்காலி போட்டு ஏறிக்கொள்ளலாம், மேய்ச்சலுக்கு நடுவில் கேட்டைத் திறக்க இறங்கினால் அங்கே முக்காலிக்கு எங்கே போவது. கேலன் உடனே, "ம்மா, நீ பேசாம பிக்கப்புல வந்து கேட்டத் தொறந்து விடு, அது போதும்" என்றான். உன் அப்பா வாயே திறக்கவில்லை, அவர் எப்போது திறந்தார். அப்படித்தான் இலையுதிர் காலம் முழுவதும் குளிர்காலம் முழுவதும் அந்தப் பிக்கப் வண்டியில் நாயோடு உட்கார்ந்து கிடந்தேன், நாய்கூட ஜன்னல் பக்கத்தை எனக்கு விடவில்லை. அவர்கள் மாட்டை ஓட்டுவார்கள், நான் கண்ணாடிக்குப் பின்னால் தூசியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன், மத்தியானம் எல்லோருக்கும் சாண்ட்விச் எடுத்து நீட்டுவேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குதிரைமேல் இருந்தால்தான் நான் ஒரு ஆள், வண்டியில் உட்காரவைத்தால் நானும் ஒரு மூட்டை, அவ்வளவுதான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன், வசந்தம் வருவதற்குள் எனக்குக் கால் எட்டுகிற மாதிரி ஒரு மட்டக்குதிரை வாங்கப்போகிறேன், கிடைக்கவில்லை என்றால் குதிரையே வேண்டாம், டவுனில் வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று.

கேலன் விழுந்து விழுந்து சிரித்தான். "சர்க்கஸ்ல சேரப் போறியாம்மா, கால் தரையில இழுபடும், மாடெல்லாம் உங்கிட்டக் குனிஞ்சு வழி கேக்கும்" என்றான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கவுண்டிக் கண்காட்சியில் எத்தனை வருஷம் நான் குதிரைகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன், மைக்கைப் பிடித்து இது ஏன் முதல், அது ஏன் நாலாவது என்று காரணம் சொல்லும்போது அரங்கத்தில் ஒரு சத்தம் இருக்காது, எனக்கா ஒரு மட்டக்குதிரை பார்த்து வாங்கத் தெரியாது. பக்கத்துக் கவுண்டிகள் எல்லாம் சுற்றினேன். ஒன்று முதுகு தொட்டில் மாதிரி தொங்கியது. இன்னொன்றுக்குப் பிடரி முடிகிற இடத்தில் மேடே இல்லை, உருளைக்கட்டை மாதிரி முதுகு, சேணத்தில் கட்டிய கயிற்றின் அந்த முனையில் கன்று இழுத்தால் சேணம் சுழன்று வயிற்றுக்கு அடியில் போய்விடும், நானும் கூடவே போவேன். இன்னொன்று முகத்தைப் பார்த்தால் பொம்மை மாதிரி அழகு, பின்னங்கால்கள் ஊன்றிய கம்பம் மாதிரி நேராக நின்றன, மாடு திரும்பும்போது குதிரை பின்னங்காலில் உட்கார்ந்து திரும்பவேண்டுமே, கம்பம் எப்படி உட்காரும். கடைசியில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ட்வைலா வீட்டில் வாஃபிள் என்கிற இந்த மட்டக்குதிரையைப் பார்த்தேன். ட்வைலாவை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டினாளே, அவள்தான், அவள் பிள்ளைகள் வளர்ந்து போனதால் விற்க நினைத்தாள்.

எனக்குப் பார்த்ததுமே நெஞ்சு பொங்கிவிட்டது. கழுவாத வெண்ணெய் நிறம், முகம் மட்டும் வெள்ளை, என் தோளுக்குக்கூட வராது. நான் கண்காட்சியில் செய்கிற மாதிரியே தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன், முன்னால் போய்ப் பார்த்தேன், பின்னால் போய்ப் பார்த்தேன், பேசிக்கொண்டேதான் பார்த்தேன், உனக்கு என் பழக்கம் தெரியும். தோள் நன்றாகச் சரிந்திருந்தது, குளம்புக்கு மேல் இருக்கிற கணுவும் அதே சரிவில் இருந்தது, அப்படி இருந்தால்தான் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் என் இடுப்பைக் குலுக்கிப் போடாது. முதுகு குட்டை, ஆனால் ஓரம் வட்டமாக வெட்டிய என் சின்னச் சேணம் இடுப்பெலும்பில் இடிக்காத அளவுக்கு இடம் இருந்தது. பின்னங்கால் முட்டிகள் தாழ்வாக, தொடை தடியாக, முன்னங்கால்கள் நூல் பிடித்த மாதிரி நேராக. தொண்டை மெலிந்திருந்தது, லகானைத் தொட்டதும் கழுத்தை மடித்துக் கொடுத்தது. நெற்றி அகலம், ஒரு கண் கருப்பு, ஒரு கண் வெளிர் நீலம், வெள்ளை முகக் குதிரைகளுக்கு அப்படி இருப்பதுதானே, அதையும் அழகாக இருக்கிறது என்று சொன்னேன். ஏறி ஓட்டிப் பார்த்தேன், தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே நடந்தது. இங்கேதான் நோரீன் என் மூக்கு உடைந்தது, அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் ட்வைலாவிடம் சொன்னேன், பார்த்தாயா, பட்டி முழுவதையும் ஒரு கண் போட்டுக்கொண்டே நடக்கிறது, மாடு பார்க்கிற புத்தி என்பது இதுதான், இது சொல்லிக்கொடுத்து வராது, பிறவியிலேயே வரவேண்டும் என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். விலையும் நான் நினைத்ததைவிடக் குறைத்தே கேட்டாள், என் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பா வேலிமேல் சாய்ந்து பல் குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றவர், ஏற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார், இரண்டு பேருமாகப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

வந்த நாளிலிருந்து எனக்கு மறுபடி உயிர் வந்த மாதிரி இருந்தது. யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினேன், இறங்கினேன், கேட்டைத் திறந்தேன், மூடினேன், மறுபடி ஏறினேன். மாடு இடப்பக்கம் திரும்பினால் என்னை உதறிவிடுகிற வேகத்தில் இதுவும் திரும்பும், வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் மந்தம், பழகினால் சரியாகும் என்று விட்டேன். தீவனக் கடையில் மெர்ல், நம் வடக்கு வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர், தொப்பியைத் தொட்டு, "உனக்குத் தைரியம் ஜாஸ்திதான் ஆர்டித்" என்றார், மூட்டு மாற்றியும் குதிரை ஏறுவதைச் சொல்கிறார் என்று நினைத்துப் பெருமையாக வந்தேன். அப்புறம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற நாள் வந்தது. விடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஈரப் புல்வெளியிலிருந்து மந்தையைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். ஓடைக்குப் பக்கத்தில், கன்றைப் பிரிந்த ஒரு தாய் மாடு வலப்பக்கத்திலிருந்து என்மேல் நேராக ஓடி வந்தது. நான் பார்த்தேன், வாஃபிளும் பார்த்திருக்கும் என்று நினைத்தேன். மாட்டின் தோள் வந்து இடிக்கிறவரைக்கும் அது காதைக்கூட அசைக்கவில்லை, இடித்ததும் பூமி பிளந்த மாதிரி துள்ளி என் அடியிலிருந்து போய்விட்டது, நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஓடி வந்தது உன் அப்பா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை நோரீன், அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நான் அவரை உட்காரச் சொன்னேன்.

மறுநாள் பசுக்களைப் பார்க்க மாட்டு டாக்டர் ராவ்ஷ் வந்தாள், வாஃபிளுக்கு எங்கேயாவது அடி பட்டிருக்கிறதா பார்த்துவிடு என்றேன். காலெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுச் சின்ன விளக்கை எடுத்து வலப்பக்கத்து நீலக் கண்ணில் அடித்தாள், கண்மணி சுருங்கவில்லை. "காலெல்லாம் நல்லா இருக்குக்கா. இந்தக் கண்ணுதான் எப்பவும் போல, பார்வை சுத்தமா இல்ல" என்றாள். எப்போதும் போலவா, என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவளும் அதிர்ந்துபோய்விட்டாள். "ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா? வாங்கின வாரமே ஊசி போட வந்தப்ப பாத்தேனே. ஆர்டித் அக்கா எல்லாம் தெரிஞ்சு கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருப்பாங்க, மத்ததெல்லாம் இவ்வளவு நல்லா இருக்கற குதிரைக்கு ஒத்தக் கண்ணு போதும்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது. தலையைத் திருப்பி வைத்து நடந்தது மாட்டுப் புத்தியும் இல்லை ஒன்றும் இல்லை, இருக்கிற ஒரு கண்ணை முன்னால் கொண்டுவர அது படுகிற பாடு. நாம் எல்லோரும் குதிரையிடம் இடப்பக்கமாகவே போய்ப் பழகினவர்கள், கடிவாளம் இடப்பக்கம், சேணம் இடப்பக்கம், ஏறுவது இறங்குவது எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் போனபோதும் நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு கையை உடம்பிலிருந்து எடுக்காமல் போனேனே, அதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்று காதிலேயே தெரிந்துவிட்டது, பிறகு எதற்கு மிரளும். மெர்ல் சொன்ன தைரியம் எது என்றும் அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுவதற்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

நேராக ட்வைலா வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு அழாத குறையாக நின்றாள். "அக்கா, அரைமணி நேரம் நின்னு என் குதிரையப் பத்தி எனக்கே தெரியாததெல்லாம் சொன்னீங்க. தலைய சாய்ச்சு நடக்குதுன்னும் நீங்களேதான் சொன்னீங்க. உங்களுக்குப் போயி நான் கண்ணு தெரியலேன்னு சொன்னா, உங்க மூஞ்சிக்கு நேரா மரியாதக் கொறவா பேசின மாதிரி ஆகாதா? அதான் வெலையக் கொறச்சுக் கேட்டேன், புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கேட்காமல் இன்னொருவர் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று இங்கே யார்தான் வளர்க்கப்படவில்லை, நானும் அப்படித்தான் எத்தனையோ பேருடைய நொண்டிக் குதிரைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேலனிடமும் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேலன் முள்கரண்டியை வைத்துவிட்டு, "ஏலத்துக்கு அனுப்பிடலாம்மா, போதும் இந்த வெளையாட்டு, நாளன்னைக்கு மந்தைய கோடை மேய்ச்சலுக்கு ஓட்டறப்ப நீ வண்டியில வா" என்றான். அந்த வண்டியில் மறுபடி உட்கார எனக்கு இஷ்டமே இல்லை, ஆனால் இனி எந்த வாயால் நான் குதிரை பார்க்கத் தெரிந்தவள் என்று வாதாடுவது. உன் அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உங்களுக்காவது இது தெரியுமா என்று கேட்டேன், சும்மா கேட்டேன், இல்லை என்று சொல்வார் என்றுதான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

நான் என் காதை நம்பவில்லை. எப்போதிலிருந்து என்றேன். "வாங்கின அன்னைக்கே. வண்டியில ஏத்தறப்ப நான் வலப்பக்கம் நின்னேன். கைய ஆட்டினேன், இமைக்கல" என்றார், மழை வந்ததா என்று கேட்டால் சொல்கிற மாதிரி. இடுப்பு மாற்றினவள், பார்வை இல்லாத குதிரை, பக்கத்தில் நின்ற புருஷன், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் கத்தினது ஓடைவரைக்கும் கேட்டிருக்கும். "உன் குதிரை ஆர்டித். நீ கேக்கல" என்றார். என் வீட்டு மேஜையில், என் கையால் சமைத்த பீன்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, நோரீன். கையில் இருந்த துணியை அவர்மேல் எறிந்தேன். "அம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க" என்றான் கேலன், அவன் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. அதற்கு உன் அப்பா, "இத்தன நாளா உங்கம்மாவுக்கு வலப்பக்கம் யாருடா வந்தா?" என்றார்.

நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், உண்மைதான். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் போய் எனக்குத் தூசியைத் தின்னக் கொடுக்கிற மனுஷர், வாஃபிள் வந்த பிறகு ஒரு நாள்கூட முன்னால் போகவில்லை, வலப்பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறார், நான்தான் அதைக் கவனிக்கவே இல்லை. சூடு போடுகிற நாளன்று ஓடையில் ஒரு கன்று சிக்கிக்கொண்டது, அதை எடுத்துவிட அவர் நகர்ந்த நேரத்தில்தான் அந்தத் தாய் மாடு வந்தது. "அந்தக் கன்னுக்குட்டிய விட்டுத் தொலச்சிருக்கணும்" என்று ரொட்டியைப் பார்த்துச் சொன்னார். முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று கேட்டேன், என் குரலில் பாதிக் கோபம் போய்விட்டது, எனக்கே எரிச்சலாக இருந்தது. "சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டே. எத்தன பாத்தே, அது ஒண்ணுதான் உனக்குப் பிடிச்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மந்தையை ஓட்டுகிற நாள் காலையில் நான் சாண்ட்விச் கூடையை எடுத்துக்கொண்டு பிக்கப் வண்டிப் பக்கம்தான் போனேன், வேறு என்ன செய்வது, ஆஸ்பத்திரி டாக்டரும் இன்னும் கொஞ்ச நாள் பொறு என்றுதான் சொல்லியிருந்தார், இதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். லாயத்து வாசலில் வாஃபிள் சேணம் போட்டு நின்றது. உன் அப்பா என் கையிலிருந்து கூடையை வாங்கி கேலன் கையில் கொடுத்தார், அதன்மேல் வண்டிச் சாவியையும் வைத்து, "கேட்டத் தொறக்க ஆள் வேணும்" என்றார். கேலன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், போய் நாயோடு உட்கார்ந்தான், நாய் அவனுக்கும் ஜன்னலை விடவில்லை. நாங்கள் புறப்பட்டோம், அவர் என் வலப்பக்கம். பின்பக்கம் எரிகிறது, குனிந்து பார்த்தால் வாஃபிளின் வலக்காது என் குரலுக்காகப் பின்னால் திரும்பியே இருக்கிறது, நானும் அதற்கு வலப்பக்கத்துச் சங்கதியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனேன், மாடு வருது, பள்ளம் வருது, உன் எஜமான் வர்றான், அவனை நம்பாதே என்று. அவரிடமும் சொன்னேன், இனிமேல் நான் கேட்காவிட்டாலும் எதுவாக இருந்தாலும் சொல்லிவிடவேண்டும், நம் இரண்டு பேருக்குள் அந்த ஊர் வழக்கம் வேண்டாம் என்று. அவர் காற்றாலைத் தொட்டியைத் தாண்டிப் போகிறவரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். அப்புறம், "அப்படின்னா ஒண்ணு சொல்றேன்" என்றார். "நீ வண்டியில வந்த நாள்லயெல்லாம் நான் திரும்பியே பாக்கறதில்ல. பாத்தா பின்னால குதிரமேல நீ இருக்க மாட்டே." அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் பக்கம் திரும்பினால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இடப்பக்கத்து மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன், வாஃபிளுக்கு வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவும் மறந்துவிட்டேன்.

கேலன் மறுபடி உனக்குப் போன் போடுவான், அம்மாவிடம் சொல்லி அந்த மட்டக்குதிரையை விற்கச் சொல் என்பான். அவன் பயத்தில்தான் சொல்கிறான், திட்டாதே, அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல். நீ அங்கே இரவு வேலைக்குப் போகும்போது பனியில் பார்த்து நட, கையுறை இல்லாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது, அவர் தானாகச் சொல்லமாட்டார், நீதான் கேட்கவேண்டும். உங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்து வாழ்த்துகிறேன், குறை எதுவும் இல்லாமல், பேச வேண்டியதைப் பேசிக்கொண்டு நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு, நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தை எழுதி முடித்த,
உன் அம்மா ஆர்டித்.